பக்கிரிசாமி பேரில் இரண்டு ஏக்கர்

பக்கிரிசாமிக்கு இருமல் வந்தால் மணியம்மாவுக்குச் சோறு இறங்காது. மலைமேல் இருக்கும் கம்போங் ராஜாவில் இது ஊரறிந்த சங்கதி. அப்துல் சுக்கூரின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கிழவர் நாலு தடவை சேர்ந்தாற்போல் இருமினால் போதும், சுக்கூர் அவளுக்குப் போன் போட்டுவிடுவார். அவள் மலைச்சரிவில் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சேறு அப்பிய ரப்பர் பூட்ஸோடு மிளகு ரசத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவாள். புதிதாகப் பார்ப்பவர்கள் பெற்ற மகள் என்று நினைத்துக்கொள்வார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வேறு கதை பேசுவார்கள். முழுதாகத் தெரிந்தவர்கள் சிரிக்கவும் மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அதே நிலைமைதான்.

நிலைமை இதுதான். மேலே சரிவில் இரண்டு ஏக்கர் நிலத்தில் மணியம்மா தக்காளியும் பீன்ஸும் போட்டாள். முழு விலை கொடுத்து வாங்கிய நிலம். காகிதத்தில் அது பக்கிரிசாமியின் பேரில் இருந்தது, அவருக்கும் சொந்தமில்லை. நிலம் அரசாங்கத்துடையது. பயிர் வைத்துப் பிழைத்துக்கொள் என்று வருடத்துக்கு வருடம் தருகிற தற்காலிக உரிமம் மட்டும்தான் அவருடையது. மலையில் எல்லாரும் அதை டி.ஓ.எல். என்பார்கள். டிசம்பர் முப்பத்தொன்றோடு அது முடிந்துவிடும், ஜனவரியில் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதை விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, பேர் மாற்றக் கூடாது.

ஆனாலும் விற்றார்கள், வாங்கினார்கள். நாற்பது வருடம் காட்டை வெட்டிக் கல் பொறுக்கி மண்ணைப் பண்படுத்தியவன், முட்டி தேய்ந்த பிறகு, இந்தாருங்கள் உங்கள் நிலம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிப் போவானா? அப்படிப்பட்ட மகான்கள் எந்த மலையிலும் இல்லை. பக்கிரிசாமியும் மகான் இல்லை. தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டே அந்த நிலத்தையும் திருத்தியவர், சம்சாரம் செத்துப்போய் பிள்ளைகுட்டி இல்லாத தனிக்கட்டை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் சுக்கூரின் கடையில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் நிலத்தை மணியம்மாவுக்கு விற்றுவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுக்கூர் சாட்சி. தாளுக்கு மேல் முத்திரைத் தலை என்கிற ஸ்டாம்பு ஒன்றையும் ஒட்டினார்கள். அந்த முத்திரைத் தலைக்கு ஒரு மதிப்பும் கிடையாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒட்டினால் மனசுக்கு ஒரு தெம்பு.

மணியம்மா பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது, தாலியறுத்தது எல்லாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். பதினெட்டு வயதில் கொழுந்து எடுக்கப் போனவள் ஐம்பது வயதுவரை அதையே செய்தாள். புருஷன் கருப்பையா தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்து, நாற்பத்தாறு வயதில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தான். அவன் போனபோது லயத்து வீடு போகவில்லை. தோட்டத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருத்தர் பேராவது செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் இருக்கும்வரை வீடு அந்தக் குடும்பத்துக்குத்தான். புருஷன் போனால் பெண்சாதி பேர், பெண்சாதி ஓய்ந்தால் பிள்ளை பேர். அவள் பேர் செக்ரோலில் இருந்ததால் கணக்கெழுதும் கிராணி வந்து துக்கம் விசாரித்துவிட்டு, ஏட்டில் ஒரு பேரை அடித்து ஒரு பேரை எழுதிக்கொண்டு போனார். அவ்வளவுதான் வேலை. சட்டம் என்றால் மணியம்மாவுக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான்.

அவளுடைய மகன் ஜெகதீஸ்வரன் தோட்டத்தில் பேர் பதிய மாட்டேன் என்று ஈப்போவுக்குப் போய்விட்டான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவள் ஓய்வு பெற்றதும் வீடு போய்விட்டது. அப்போதுதான் சேமநிதியில் வந்த பணத்தையும் கழுத்தில் காதில் கிடந்ததையும் சேர்த்துப் பக்கிரிசாமியின் நிலத்தை வாங்கினாள். நிலத்தின் ஓரத்தில் ஒரு பலகை வீடு இருந்தது. யார் பேரும் எந்த செக்ரோலிலும் இல்லாமல் தன் காசில் தனக்கென்று ஒரு வீடு. முதல் நாள் அதன் வாசலில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அன்றிலிருந்து பத்து வருடம் அவள் இரண்டு பயிர் பார்த்தாள். ஒன்று தக்காளி, இன்னொன்று பக்கிரிசாமி. உரிமம் எந்த ஆளின் பேரில் இருக்கிறதோ அந்த ஆள் உயிரோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியும் அவரைக் குளிப்பாட்டாத குறையாகக் கிளப்பி, சட்டை இஸ்திரி போட்டு, தானா ராத்தாவில் இருக்கும் நில அலுவலகத்துக்கு வேனில் கூட்டிக்கொண்டு போவாள். அவர் கையெழுத்துப் போடுவார், அவள் பணம் கட்டுவாள். குடிக்காதீங்கண்ணே, மழையில நிக்காதீங்கண்ணே, மாத்திரை சாப்ட்டீங்களாண்ணே என்று நாள் முழுக்க அண்ணே பாட்டுத்தான். அவரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தனக்கு இவ்வளவு கவனிப்பு எதற்காக என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், மற்றபடி ஆண்டவன் விட்ட வழி என்றார் டாக்டர். மணியம்மாவுக்குக் காலடியில் மண் நழுவியது. பக்கத்துச் சரிவில் ராமையா என்பவர் இப்படித்தான் ஒருவரிடம் வாங்கிப் பன்னிரண்டு வருடம் பயிர் வைத்திருந்தார். பேருக்குரியவர் செத்த நாலாம் மாதம் நில அலுவலகத்து ஜீப் வந்தது, பயிருக்கு மேல் போட்டிருந்த ராமையாவின் பிளாஸ்டிக் கூரைகள் எல்லாம் கீழே கிடந்தன. அதை அவள் கண்ணால் பார்த்தவள்.

யோசித்து யோசித்து அவள் கண்டுபிடித்த வழி, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. ராமையா வெளியாள். வெளியாளுக்கு எப்படிக் கொடுப்பான்? புருஷன் போனால் பெண்சாதி பேர். வீட்டுக்கு அதுதான் வழக்கம் என்றால் நிலத்துக்கும் அதுதானே இருக்கும்? எல்லாம் ஒரே அரசாங்கம்தானே? இன்னும் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த அவளுடைய சிநேகிதி திலகாவிடம் கேட்டாள். திலகாவும் அதே லயத்தில் அதே கிராணியைப் பார்த்து வளர்ந்தவள். “பொஞ்சாதின்னா பேரு தன்னால வந்துரும் லா,” என்று அடித்துச் சொன்னாள். லயத்தில் இன்னும் நாலு பேரைக் கேட்டார்கள். நாலு பேரும் தலையாட்டினார்கள்.

சுக்கூர் மட்டும் தலையாட்டவில்லை. எதற்கும் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றார்.

“கேட்டா எதுக்குக் கேக்குறேன்னு கேப்பாங்க பாய்,” என்றாள் மணியம்மா. “அந்தப் பேப்பரு வெளிய வந்துரும்.”

சட்டத்துக்குத் தெரியாமல் வாங்கியவள் சட்டத்திடம் போய் வழி கேட்க முடியாது. பத்து வருடமாக அவள் வாயை அடைத்து வைத்திருந்தது அந்தத் தாள்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த வேனில் அவள் பக்கிரிசாமியிடம் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நிலத்துக்காகத்தான் என்றே சொன்னாள்.

“என்னைய அண்ணேன்னுதானே கூப்ட்ட இத்தன வருசமா.”

“இனிமே கூப்புடல,” என்றாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பிப்ரவரியில் பதிவுத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு எழுபத்தெட்டு, பெண்ணுக்கு அறுபது. சுக்கூரும் திலகாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தாலி வேண்டாம் என்று மணியம்மா சொல்லிவிட்டாள். சுக்கூரின் கடையில் நாலு பேரும் பிரியாணி சாப்பிட்டார்கள். பணத்தைத் தான்தான் கொடுப்பேன் என்று பக்கிரிசாமி பிடிவாதம் பிடித்துக் கொடுத்தார்.

ஊர் சும்மா இருக்குமா? பத்து வருடம் அண்ணன் என்று கூப்பிட்டவனைக் கட்டிக்கொண்டாள் என்று பேசியது. வயதான காலத்தில் என்ன ஆசை என்று பேசியது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் வருடா வருடம் பொங்கல் பானை வைப்பவளை அந்த வருடம் யாரும் கூப்பிடவில்லை. அதையெல்லாம் அவள் விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாதது மகன் விஷயம்தான். ஜெகதீஸ்வரன் தன் மனைவி புவனேஸோடு ஈப்போவிலிருந்து வந்தான். வீட்டுக்குள் செருப்போடு நுழைந்து, சுவரில் மாட்டியிருந்த கருப்பையாவின் படத்தைக் கழற்றினான்.

“எங்கப்பா இங்க இருக்க வேணாம்,” என்றான்.

ஒனக்குத்தானேடா நிலம், ஒனக்காகத்தானே என்று அவள் பின்னாலேயே போனாள். புவனேஸ் ஒரு நிமிஷம் தயங்கி நின்று பார்த்துவிட்டு, அவளும் காரில் ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை. மனசு எரிந்தாலும், காகிதம் கைக்கு வந்த பிறகு அவனே வருவான் என்று மணியம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பக்கிரிசாமி பலகை வீட்டுக்கே குடிவந்தார். தனி அறை, தனிக் கட்டில். ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தக்காளியைப் பெரிசு, சிறிசு, அடிபட்டது என்று பிரித்துக் கொடுப்பார். தான் வெட்டித் திருத்திய மண்ணுக்கே திரும்பி வந்துவிட்டதில் அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம். எந்த மூலையில் ஊற்று இருக்கிறது, எங்கே மழைக்கு மண் சரியும் என்று அவளுக்குச் சொல்லித் தீராது. அவள் அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள், வேறெதுவும் சொல்லிக் கூப்பிடவும் வாய் வரவில்லை. இந்தாங்க, சாப்புடுங்க, ஏறுங்க என்று மொட்டையாகவே ஒன்றரை வருடம் ஓடியது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று செப்டம்பரில் ஒரு காலையில் வேன் வரும் நேரத்துக்கு அவர் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். ஊசி குத்திக் குத்திக் கை முழுக்கக் கட்டி கட்டியாக வீங்கிக் கிடந்தது.

“போதும் மணி. என்னைய விட்டுரு,” என்றார்.

இதை அவர் முன்பும் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் சொன்னபோதெல்லாம் அவள் கெஞ்சி, அதட்டி, ஒரு தடவை காலைப் பிடித்துக்கூட வேனில் ஏற்றியிருக்கிறாள். அப்போது அவள் கண்ணுக்கு மனுஷன் தெரிந்ததில்லை, ஜனவரிதான் தெரிந்தது. இப்போது கல்யாணப் பத்திரம் அலமாரியில் இருக்கிறது. இனிமேல் அவர் இருந்தாலும் போனாலும் நிலத்துக்கு ஒன்றுமில்லை. முதல் தடவையாக அவளுக்கு அந்தக் கை தெரிந்தது. இவ்வளவு வலியையும் தனக்காகவா இந்த மனுஷன் தாங்கினார் என்று உறைத்தது.

“சரி. வேன்காரன வர வேணாம்னு சொல்லிர்றேன்,” என்றாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். இரண்டு வருடமாக அளந்து குடித்த தண்ணீரை ஆசை தீரக் கேட்டார். அவள் டம்ளர் டம்ளராகக் கொடுத்தாள், தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். கால் வீங்கியது, மூச்சு இரைத்தது. பயமாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை, லோரியை இறக்கத்தில் நியூட்ரலில் விட்ட மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். கடைசி நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தன்னை மறந்து அண்ணே அண்ணே என்றுதான் அழுதாள். அவளைப் பொறுத்தவரை, நிலத்தை நினைக்காமல் அந்த மனுஷனுக்கு அவள் செய்த ஒரே காரியம் அவரைப் போக விட்டதுதான். அந்த நிம்மதி அவளுக்குப் பதினாறு நாள் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நில அலுவலகத்துக்குப் போனாள். கல்யாணப் பத்திரம், இறப்புப் பத்திரம், சுக்கூரின் கடையில் எழுதிய தாள் மூன்றையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்துப்போனாள். கவுண்டரில் அஸ்லினா என்று ஒரு பெண். மகள் வயது இருக்கும். மரியாதையாக மக்சிக் என்று கூப்பிட்டு, முதலில் துக்கம் விசாரித்தாள். மணியம்மாவுக்கு அந்தக் காலத்துக் கிராணியின் ஞாபகம் வந்தது. இதோ ஒரு பேரை அடித்து ஒரு பேரை எழுதப்போகிறாள் என்று நிமிர்ந்து நின்றாள்.

அஸ்லினா எழுதவில்லை. உரிமம் என்பது ஒரு ஆளுக்கு மட்டும் கொடுப்பது, அந்த ஆள் இறந்த அன்றைக்கே அதுவும் முடிந்துவிடும், மனைவிக்கும் வராது, பிள்ளைக்கும் வராது என்று மலாயில் நிதானமாக விளக்கினாள். மணியம்மா கல்யாணப் பத்திரத்தைத் திரும்பவும் நகர்த்தி வைத்தாள். மொழி புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் இன்னும் எளிமையாகச் சொன்னாள். மொழி நன்றாகவே புரிந்தது. மூன்றாவது தடவை சொன்னபோது மணியம்மா அந்த விற்பனைத் தாளை எடுத்துக் காட்டினாள். அஸ்லினா அதைப் படித்தாள், அக்கம்பக்கம் பார்த்தாள், மடித்து அவள் கையிலேயே வைத்து மூடினாள். இதை யாரிடமும் காட்டாதீர்கள், நீங்கள் இருவரும் நிபந்தனையை மீறியதற்கு இதுதான் சாட்சி என்று தணிந்த குரலில் சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள், ஆனால் சொல்லாமலே இருந்திருக்கலாம். கணவர் உயிரோடு இருந்தபோதே அவர் உரிமத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதி, கூடவே நீங்கள் உங்கள் பேரில் மனுப் போட்டிருந்தால், கிடைத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் பரிசீலித்திருப்பார்கள் என்றாள். இப்போது புதிதாக மனுப் போட்டு வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மணியம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு முதலில் வந்த நினைப்பு நிலத்தைப் பற்றியது இல்லை. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேனே என்பதுதான் முதலில் வந்தது. அந்தக் கையில் இன்னும் இருநூறு ஊசி குத்த வைத்திருப்பேன், காலைப் பிடித்தாவது, கட்டித் தூக்கியாவது வேனில் ஏற்றியிருப்பேன், எழுதி வாங்கி மனுப் போட்டிருப்பேன். இப்படி நினைக்கிறவள்தான் நான் என்று தெரிந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. அவரைப் போக விட்டது நல்ல மனசால் இல்லை, விவரம் தெரியாததால்தான். உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு அது போதாதா?

மனுப் போட்டாள். மகனுக்குச் செய்தி அனுப்பினாள், பதில் வரவில்லை. நிற்கிற பயிரை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்துக் கடிதம் வந்தது. தக்காளியை எடுத்துவிட்டு, நாற்பது நாளில் வெட்டிவிடலாம் என்று கீரை போட்டாள். அதையும் வெட்டிவிட்டு மறுபடியும் கீரை போட்டாள். கீழே ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்த கூடை தானாகக் கீழே இறங்கும். பலகை வீட்டில் இரண்டு துணிமூட்டை எப்போதும் கட்டியே இருந்தது.

மறு வருடம் ஆகஸ்டில் ஜீப் வரவில்லை. மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்தான். பேர் ஷர்வின், தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் வேலை. இருபத்திரண்டு வயதிலேயே மனுப் போட்டு, வருடா வருடம் அலைந்து, இப்போதுதான் வரிசை வந்ததாம். உரிமத்தின் நகலைக் காட்டினான். அவளுடைய இரண்டு ஏக்கர்தான். குறுக்கு வழியில் வந்தவன் இல்லை, நியாயமாக வரிசையில் நின்றவன். அவனை வைவதற்குக்கூட அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அவன் நிலத்தைச் சுற்றிப் பார்த்தான். ஊற்றைப் பார்த்தான், கூரைகளை அண்ணாந்து பார்த்தான், செருப்பில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்தான். பிறகு கூச்சத்தோடு விஷயத்துக்கு வந்தான்.

“ஆண்ட்டி, எனக்கு இந்த வேலையெல்லாம் தெரியாது லா. நீங்களே பாத்துக்குங்க. மாசம் ஏதாச்சும் குடுத்தாப் போதும். வேணும்னா ஒரு பேப்பர் எழுதிக்கலாம்.”

பேப்பர் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இதை விட்டால் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

“தம்பிக்கு என்ன வயசு?”

“இருபத்தொம்பது.”

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே? சக்கர, பிரஷரு?”

இல்லை என்று சிரித்தான். அவள் அறுபத்திரண்டோடு இருபத்தொன்பதை வைத்துப் பார்த்தாள். அவனுக்கு முந்தித் தான் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றியது. சரி என்று தலையாட்டினாள், உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அதற்குள் தூறல் போட ஆரம்பித்திருந்தது. அவன் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினான். அவள் பூட்ஸ் வழுக்க வழுக்க ஓடிப்போய் வண்டியின் முன்னால் நின்றாள். ஹெல்மெட்டை எடுத்து அவன் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துப் பூட்டினாள்.

“மழ ரோடு. மெதுவாப் போங்க தம்பி. போய்ச் சேந்ததும் எனக்கு ஒரு போன் போட்ருங்க.”

அவனுக்கு அம்மா இல்லையாம். கண் கலங்கிவிட்டது. சரிங்க ஆண்ட்டி என்று சொல்லிவிட்டுப் போனான். மணியம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு தூறலில் நின்றாள், அது அடிக்கும்வரை வேலையில் கை வைக்கவில்லை.